ஆக்ஸிமீட்டர் 97 காட்டுகிறது, ஆனால் இரவில் தூக்கமில்லை

வாசகர் கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 56. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். போன வருடம் வலது கையில் பிடிமானம் குறைந்து பேனா நழுவ ஆரம்பித்தது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சில மாதம் மருந்து சாப்பிட்டார். எட்டு மாதத்துக்கு முன்பு மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்து தசைகள் தளரும் நோய்) என்று உறுதியாகச் சொன்னார்கள். இப்போது இரண்டு கைகளும் தளர்ந்துவிட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சு கொஞ்சம் குழறுகிறது. ஆக்ஸிமீட்டர், பிபி மெஷின், சர்க்கரை பார்க்கும் கருவி மூன்றையும் வாங்கி, ஒரு நாளைக்கு ஆறு தடவை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். ஆக்சிஜன் எப்போதும் 97, 98தான். ஆனால் ஒரு மாதமாகக் காலையில் தலைவலி என்கிறார், படுக்கப் பிடிக்காமல் சாய்வு நாற்காலியிலேயே தூங்குகிறார். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள், இன்னும் தரவில்லை. ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மகன் ஸ்மார்ட் வாட்ச் அனுப்புகிறேன் என்கிறான். நேற்று இவர் என்னிடம், "நீ எனக்குப் பொண்டாட்டியா, நர்ஸா?" என்று கேட்டுவிட்டார். குணமாகாத நோய்க்கு இதையெல்லாம் எழுதி என்ன பயன்? வீட்டில் எதைத்தான் கவனிக்க வேண்டும்?
— தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

நரம்பியல் மருத்துவர் பதில்:

அம்மா, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியை முதலில் பிடித்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம். காலையில் தலைவலி, படுக்க முடியாமல் சாய்வு நாற்காலி. மோட்டார் நியூரான் நோய் உள்ளவருக்கு இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் என்று தெரியும்வரை அதை மூச்சுத் தசையின் சோர்வு என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே அழைத்துப் போங்கள். தூக்க மாத்திரையைத் தராமல் வைத்திருந்தீர்களே, அது மிக நல்ல காரியம். இனியும் தர வேண்டாம். ஆக்சிஜன் மெஷினையும் நீங்களாக வாடகைக்கு எடுக்காதீர்கள்.

97 இருக்கும்போது மூச்சில் எப்படிக் குறை இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவருக்குத் துருத்தியின் தோல், அதாவது நுரையீரல், நன்றாகவே இருக்கிறது. துருத்தியை இழுக்கிற கைதான் தளர்கிறது. விலா எலும்புகளுக்கு அடியில் குடைபோல விரிந்திருக்கும் உதரவிதானம்தான் அந்தக் கை. மூச்சு செய்யும் வேலை இரண்டு: ஆக்சிஜனை உள்ளே கொண்டுவர வேண்டும், கரியமில வாயுவை வெளியே தள்ள வேண்டும். துருத்தி அரைகுறையாக இயங்கும்போது கரியமில வாயு தேங்க ஆரம்பித்துவிடும். பகலில் ஆக்சிஜன் அளவு மட்டும் வெகுநாள் தாக்குப்பிடிக்கும். விரலில் மாட்டும் கருவிக்கு ஆக்சிஜனைத்தான் தெரியும், கரியமில வாயு தெரியவே தெரியாது.

அதோடு, நீங்கள் ஆறு தடவையும் பார்ப்பது அவர் விழித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில். கோளாறு தொடங்குவது இரவில். கனவு வரும் தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் மற்ற தசைகள் எல்லாம் தளர்ந்துவிடும்; உதரவிதானம் ஒற்றை ஆளாக இழுக்க வேண்டியிருக்கும். மல்லாந்து படுத்தால் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் மேலே ஏறி அதை அழுத்தும். அதனால்தான் உடம்பு தானாகவே சாய்வு நாற்காலியைத் தேடுகிறது. இரவெல்லாம் சேர்ந்த கரியமில வாயு மூளையின் ரத்தக் குழாய்களை விரிக்கும், விடிந்ததும் தலை வலிக்கும். எழுந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வலி தானாகக் குறைகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அடிக்கடி விழிப்பது, கெட்ட கனவு, பகலில் பேப்பர் படிக்கும்போதே கண் செருகுவது ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

ஆக்சிஜன் மெஷின் பற்றி நான் கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், இதே நோய் உள்ள ஒருவருக்கு இரவில் மூச்சு சிரமம் என்று ஆக்சிஜன் மட்டும் வைத்தார்கள். கருவியில் எண் 99 ஆனது, எல்லோருக்கும் நிம்மதி. அவரும் அமைதியாகத் தூங்குவதாக நினைத்தோம். விடியற்காலையில் எழுப்பினால் எழவில்லை. கரியமில வாயு ஏறி மயக்கமாகியிருந்தது. இந்த நோயாளிகளுக்கு ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் எண் அழகாகத் தெரியும், மூச்சை இழுக்கும் உந்துதல் குறைந்துபோகலாம். தூக்க மாத்திரையும் அதே உந்துதலைத்தான் குறைக்கும். உங்கள் கணவருக்குத் தேவைப்படக்கூடியது காற்றைத் தள்ளிக் கொடுத்துத் துருத்திக்குக் கைகொடுக்கும் கருவி. பைபாப் என்பார்கள். மூக்கிலோ மூக்கு வாய் சேர்த்தோ முகமூடி மாட்டி இரவில் போட்டுக்கொள்வது.

அது தேவையா என்பதை மருத்துவமனையில்தான் முடிவு செய்ய முடியும். போகும்போது மூன்று பரிசோதனைகளை வாய்விட்டுக் கேளுங்கள்: உட்கார்ந்தும் படுத்தும் எடுக்கும் ஸ்பைரோமெட்ரி (எவ்வளவு காற்றை ஊத முடிகிறது என்று அளப்பது), காலையில் எடுக்கும் ரத்த வாயுப் பரிசோதனை (ரத்தத்தில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் எவ்வளவு என்று பார்ப்பது), இரவு முழுவதும் ஆக்சிஜனைப் பதிவுசெய்யும் பரிசோதனை. ஊதும் அளவு எதிர்பார்ப்பதில் பாதிக்குக் கீழே வந்துவிட்டால் பைபாப் தொடங்கச் சொல்வோம். உங்கள் கணவரைப் போல அறிகுறி இருப்பவருக்கு 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே யோசிப்போம். இங்கிலாந்தின் நியூகாசிலில் 2006இல் வெளியான ஆய்வில், தொண்டைத் தசை மிக மோசமாகாத நோயாளிகளுக்கு இந்தக் கருவி ஆயுளை இடைநிலைக் கணக்கில் 205 நாள் கூட்டியது. தூக்கமும் பகல் நேரத் தெளிவும் மேம்பட்டன. இந்த நோய்க்கு நம் கையில் இருக்கும் மருந்தான ரிலுசோல் தருவதைவிட இது அதிகம். அதற்காக ரிலுசோல் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். வெறும் வயிற்றில், வேளை தவறாமல் தாருங்கள், சொன்ன தேதியில் கல்லீரல் ரத்தப் பரிசோதனையையும் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் அவர் எழுப்பினாலும் சரியாக விழிக்காமல், பேச்சில் குழப்பத்தோடு, ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு மூன்று மூச்சு எடுத்துக்கொண்டிருந்தால், இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 108 ஆம்புலன்ஸில் மல்லாக்கப் படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வைக்கச் சொல்லுங்கள். "மோட்டார் நியூரான் நோய், மூச்சுத் தசை பலவீனம், ஆக்சிஜனை மட்டும் வைத்துவிட்டு இருந்துவிட வேண்டாம், ரத்த வாயு பார்க்க வேண்டும்" என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, பீரோ கதவில் ஒட்டி வையுங்கள். அவசரத்தில் பார்க்கிற இளம் மருத்துவருக்கு இந்த நோய் பழக்கமில்லாமல் இருக்கலாம்.

சரி, இப்போது உங்கள் நோட்டுக்கு வருவோம்.

குணமாகாத நோய்க்கு எழுதி என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நோயில் ஒவ்வொரு உதவிக்கும் ஒரு காலம் இருக்கிறது. பைபாப், வயிற்றுக் குழாய், சக்கர நாற்காலி எல்லாமே கொஞ்சம் முன்னால் வந்தால் உதவி, பின்னால் வந்தால் தவிப்பு. அந்தக் காலம் எப்போது என்று காட்டுவதற்குத்தான் நோட்டு. அதனால் எந்த எண்ணை எழுதும் முன்பும், "இது மாறினால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண் வேண்டாம். அவருக்கு ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லையென்றால் அந்த இரண்டு கருவிகளையும் பெட்டியில் வைத்துவிடுங்கள், விரலில் குத்துவதாவது மிச்சமாகும். ஆக்ஸிமீட்டர் சளி, காய்ச்சல் நாளில் உதவும். அன்றைக்கு 95க்குக் கீழே போய் நின்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மற்ற நாளில் அதன் 97ஐ நம்பி நிம்மதி அடையாதீர்கள்.

தினமும் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம், அதற்குக் கருவி வேண்டாம். எத்தனை தலையணை வைத்துத் தூங்கினார், எழுந்ததும் தலைவலி உண்டா இல்லையா. காலண்டர் தாளின் ஓரத்தில் "2, இல்லை" என்று எழுதினால் போதும். எப்போதாவது அவர் மல்லாந்து படுக்கும்போது வயிற்றைக் கவனியுங்கள். மூச்சை இழுத்தால் வயிறு மேலே எழ வேண்டும். இழுக்கும்போது உள்ளே குழிந்தால் உதரவிதானம் களைத்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கைப்பேசியில் அரை நிமிடம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். என்னிடம் வரும் குடும்பங்கள் கொண்டுவரும் பத்துப் பக்க எண்களைவிட அந்த அரை நிமிடம் எனக்கு அதிகம் சொல்லும்.

வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில் மூச்சு எண்ணிக்கை. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று பார்ப்பது. நொடிக்கு இரண்டு எண் என்ற வேகத்தில் ஆரோக்கியமானவர்கள் 40, 50 வரை போவார்கள். தமிழில் ஒரு சிக்கல் உண்டு: இருபத்தெட்டு, முப்பத்தேழு என்று வரும்போது சொல் நீண்டு வேகம் மாறிவிடும். அதனால் ஒன்று முதல் பத்து வரை திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, நீங்கள் விரல் மடக்கிப் பத்துகளைக் கணக்கு வையுங்கள். மூன்று தடவை செய்து அதிகமானதை எழுதுங்கள். மற்றவர்களோடு ஒப்பிட வேண்டாம், அவருடைய போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். 32 இருந்தது 24 ஆகிவிட்டால் போன் செய்யுங்கள். 15ஐ ஒட்டி வந்தால் அன்றே போங்கள். பேச்சுக் குழறல் கூடும்போது இந்த எண்ணும் அதனாலேயே குறையும், அப்போது இதை விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்தது இருமலின் பலம். ஆஸ்துமாக்காரர்கள் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் மருந்துக்கடையில் கிடைக்கும், விலை அதிகமில்லை. அதில் ஊதுவதற்குப் பதிலாக ஓங்கி இருமச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே வந்தால், சாதாரண சளி பிடித்தாலும் வெளியே தள்ள முடியாமல் நிமோனியா ஆகும் ஆபத்து உண்டு. 160க்குக் கீழே என்றால் இருமலே பயன்படாது. 270ஐ நெருங்கும்போதே பிசியோதெரபிஸ்டிடம் போய், ஆம்பு பையால் (கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் பை) மூச்சைச் சேர்த்துக் கொடுப்பதையும், அவர் இருமும் அதே நொடியில் நீங்கள் வயிற்றை அழுத்தி உதவுவதையும் கற்றுக்கொள்ளுங்கள். சளி பிடித்த பிறகு கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

மூன்றாவது எடை. நிற்க முடிகிறவரை வீட்டுத் தராசு போதும். நிற்க முடியாமல் போனபின் பல வீடுகளில் எடை பார்ப்பதே நின்றுவிடுகிறது, எங்களுக்கு மிக முக்கியமான எண் அங்கேயே தொலைந்துபோகிறது. உங்கள் பக்கம் அரிசி ஆலையிலோ நெல் வாங்கும் இடத்திலோ மேடைத் தராசு இருக்கும். சக்கர நாற்காலியோடு ஏற்றி நிறுத்தி, நாற்காலியின் எடையைக் கழித்துவிடுங்கள். அவர் வழக்கமான எடை 62 கிலோ என்றால், 59க்கு வரும்போதே உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். 56 வரை வந்துவிட்டால் வயிற்றில் நேரடியாக உணவு செலுத்தும் குழாய் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தக் குழாயை மூச்சு ஓரளவு நன்றாக இருக்கும்போதே வைப்பது பாதுகாப்பு. குழாய் வைத்தாலும் விழுங்க முடிகிறவரை வாயால் ருசித்துச் சாப்பிடலாம். இதைச் சொன்னால் பலரும் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த நோய்க்காரர்கள் இளைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமானவன். தசை கரைவதால் எடை குறைவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சாப்பிடவே நேரமாகி, களைத்து, "போதும்" என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள். சாப்பாடு அரை மணி நேரத்தைத் தாண்டுகிறதா என்று கடிகாரத்தைப் பாருங்கள். தண்ணீர் குடித்ததும் இருமல், விழுங்கியபின் குரலில் ஈரச்சத்தம், உதட்டோரம் ஒழுகல் இருந்தால் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளரைப் பாருங்கள். நம் சாப்பாட்டில் ரசம் சாதம் எளிதானது என்று நினைக்கிறோம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அதுதான் கடினம், தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், பருக்கை ஒரு பக்கம் நிற்கும். குழையப் பிசைந்த தயிர் சாதம், நெய் விட்ட பருப்பு சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ் நல்லது. தாளித்த கடுகு, கறிவேப்பிலை, கீரைத் தண்டு மூன்றையும் எடுத்துவிடுங்கள். விழுங்கும்போது தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்லுங்கள். ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ கூடுதலாகச் சேர்ப்பது மருந்து மாதிரி.

மாதத்துக்கு ஒரு முறை பெரிய கணக்கு ஒன்று போடலாம். பேச்சு, விழுங்குதல், எழுத்து, உடை உடுத்துதல், படியேறுதல், மூச்சு என்று 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு மதிப்பெண், மொத்தம் 48. உலகம் முழுவதும் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் இது. வீட்டிலிருந்து போனில் கேட்டுப் போட்டாலும் நம்பத்தக்கது. உங்கள் மருத்துவரிடம் படிவம் கேட்டு வாங்குங்கள். சராசரியாக மாதம் ஒரு மதிப்பெண் அளவில் குறையும், ஆனால் ஆளுக்கு ஆள் வேகம் மாறும். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963இல் நோய் தெரிந்தது, 2018 வரை வாழ்ந்தார். அது மிக அரிதான வேகம். உங்கள் கணவரின் வேகம் என்ன என்பதை மூன்று நான்கு மாதக் கணக்கு சேர்ந்ததும்தான் சொல்ல முடியும். அதற்குமுன் யாராவது ஆண்டுக்கணக்குச் சொன்னால் மனதில் ஏற்ற வேண்டாம்.

மகனிடம் வாட்ச் வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் செலவழிக்க ஆசைப்படுகிறான் என்றால், இரவு முழுவதும் பதிவுசெய்து வைக்கும் ஆக்ஸிமீட்டர் அனுப்பட்டும். பைபாப் வந்தால், எத்தனை மணி நேரம் போட்டார், முகமூடி ஓரம் எவ்வளவு காற்று கசிந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று போனது என்று கருவியே நினைவில் வைத்திருக்கும். அதைப் படித்து மருத்துவருக்கு அனுப்புகிற வேலையை மகன் தூரத்திலிருந்தே செய்யலாம். இன்னொரு வேலையும் அவனுக்கு உண்டு, அதை உடனே செய்ய வேண்டும்: அப்பாவின் குரலைப் பதிவு செய்வது. பேச்சு தெளிவாக இருக்கும்போதே, தினம் பத்து நிமிடம், வீட்டில் வழக்கமாகச் சொல்லும் வாக்கியங்கள், எல்லோருடைய பெயர்கள், திட்டுவது, கூப்பிடுவது எல்லாம். பின்னால் கைப்பேசியைத் தட்டினால் அவர் குரலிலேயே பேச அது பயன்படும். மாதாமாதம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பதிவு செய்தால் பேச்சு எவ்வளவு மாறுகிறது என்றும் தெரியும்.

காரணமில்லாமல் அழுகையோ சிரிப்போ பொங்கி வந்து நிறுத்த முடியாமல் போனால், அதுவும் நோயின் ஒரு பகுதிதான். மருந்து இருக்கிறது, சொல்லுங்கள். குணம் மாறுகிறது, முன்போல் அக்கறை இல்லை என்று தோன்றினாலும் சொல்லுங்கள்.

கடைசியாக, "பொண்டாட்டியா, நர்ஸா?" என்று அவர் கேட்டது. கோபத்தில் கேட்டிருப்பார், ஆனால் நியாயமான கேள்வி. எட்டு மாதமாக அவர் உடம்பைப் பற்றிய எல்லாக் கணக்கும் அவர் கையை விட்டுப் போய்விட்டது. அவர் எழுத்தராக இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நோட்டை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கை எழுதாது, சரி, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எந்தப் பத்தியில் எதை எழுதுவது, எந்த நாளில் பார்ப்பது, மருத்துவரிடம் எதை முதலில் கேட்பது என்று அவர் தீர்மானிக்கட்டும். ஞாயிறு காலை காபிக்குப் பிறகு இருபது நிமிடம், அத்தோடு முடிந்தது. மற்ற நேரத்தில் அவர் கேட்காமல் கருவியை எடுக்காதீர்கள்.

அவர் கையில் நோட்டு இருந்தால் இன்னொரு பேச்சும் எளிதாகும். குழாய் வேண்டுமா, தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வைக்கும் நிலை வந்தால் வேண்டுமா வேண்டாமா என்பதை அவசரப் பிரிவு வாசலில் வைத்து உங்களிடம் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அவர் தெளிவாக யோசித்துப் பேசும் இந்த நாட்களிலேயே கேளுங்கள். தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. 2023இல் நடைமுறையையும் எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே நாளில் பேசி முடிக்க வேண்டியதில்லை.

நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. வாரத்தில் இரண்டு இரவாவது வேறு யாராவது அவர் அறையில் படுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஸ்பைரோமெட்ரியும் ரத்த வாயு முடிவும் வந்ததும் அந்த இரண்டு தாளின் நகலை எனக்கு அனுப்புங்கள். பைபாப் தொடங்கினால் முதல் இரண்டு வாரம் முகமூடி பழகுவது சிரமமாக இருக்கும், பாதியில் விட்டுவிடாமல் அப்போதே எழுதுங்கள்.